கூடமும் கோணல்தான்!

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் அணி தோற்றால் போதும், 'குவார்ட்டர்பேக்கை விரட்டு' என்கிறார்களே ரசிகர்கள். நியாயமா?

பதில்: பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து யார் கையில் இருக்கிறதோ, அவர் தலையில்தானே பழியும் விழும்! சாம் டார்னால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் புதுமுக வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் நியூயார்க் ஜெட்ஸ் அணி அவரை மூன்றாவது தேர்வாக அழைத்து வந்தது. மூன்று சீசனில் அவர் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கிய ஆட்டங்களில் 13 வெற்றி, 25 தோல்வி. 'ஆளை மாற்று' என்றார்கள், மாற்றினார்கள். 2021-இல் இரண்டாவது தேர்வாக வந்த ஸாக் வில்சனும் மூன்றே சீசனில் பெட்டி கட்டினார். ஆள்தான் மாறினார், ஜெட்ஸ் மாறவில்லை. டார்னால்டோ 2024-இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்குப் போனார். அங்கே பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், வழிநடத்த பயிற்சியாளர் கெவின் ஓ'கானல். 17 ஆட்டங்களில் 14 வெற்றி, 35 டச்டவுன் பாஸ்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இதுவும் அந்தக் கதைதானே?' என்பீர்கள். சிலருக்குப் பொருந்தும். 2007 டிராஃப்ட்டில் ரெய்டர்ஸ் அணியின் முதல் தேர்வாக வந்த குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரஸல், 2010-இல் நீக்கப்பட்ட பிறகு என்எஃப்எல் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 'டார்னால்டும் அந்த சீசனின் பிளே-ஆஃபில் ராம்ஸ் அணியிடம் தோற்றாரே?' என்பீர்கள். தோற்றார்தான். ஆனால் அன்று பந்தை வீசுவதற்கு முன்பே ஒன்பது முறை அவரைத் தரையில் சாய்த்தார்கள். படுத்துக்கொண்டே பாஸ் வீச எந்த ஜாம்பவானாலும் முடியாது! ஆகவே, முதலில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையையும் பயிற்சியாளரையும் சோதியுங்கள். குவார்ட்டர்பேக்கைக் கடைசியாக விரட்டலாம்.