சிப்பாய்க்கு என்ன சம்பளம்?

கேள்வி: புதிதாகப் பட்டாளத்தில் சேருபவருக்கு எவ்வளவு கிடைக்கும்? (வேலூர் வாசகர்)

பதில்: ஏழாவது ஊதியக்குழு கணக்குப்படி நிரந்தரப் பணியிலுள்ள சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். லெப்டினன்டுக்கு 56,100. பஞ்சப்படியும் மற்ற படிகளும் தனி. ஆனால் இப்போது வீரராகப் புதிதாகச் சேருபவர் நான்காண்டுப் பணிக்கான அக்னிவீரராகவே சேருகிறார்; அந்தக் கணக்கு கீழே.

கேள்வி: எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலருக்கும் அதே 21,700தானே? ராணுவத்துக்கென்று தனியாக ஏதும் இல்லையா? (திருநெல்வேலி)

பதில்: உண்டு. ‘ராணுவப் பணி ஊதியம்’ என்று ஆறாவது ஊதியக்குழுக் காலத்தில் வந்தது. குடும்பத்தைப் பிரிந்திருப்பது, சங்கம் வைக்க உரிமையில்லாதது, இளம் வயதிலேயே ஓய்வு, எந்நேரமும் உயிருக்கு ஆபத்து: இத்தனைக்கும் ஈடாகத் தருவது. இப்போது சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 5,200 ரூபாய்; லெப்டினன்ட் முதல் பிரிகேடியர் வரை 15,500. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பொறுப்பு கூடினால் அடிப்படைச் சம்பளம் கூடட்டும், அது நியாயம். பிரிவுக்கும் ஆபத்துக்கும் தரும் தொகையில் மூன்று மடங்கு வித்தியாசம் எதற்கு? முன்னால் போகிறவன் சிப்பாய். ஓய்வூதியக் கணக்கிலும் இந்தத் தொகை சேர்வதால், இடைவெளி வீடு திரும்பிய பிறகும் தொடர்கிறது.

கேள்வி: சியாச்சினிலுமா வித்தியாசம்? (கோவை)

பதில்: ஆம். அங்கே பணிபுரிவோருக்கான மாதப் படியாக ஏழாவது ஊதியக்குழு வீரர்களுக்கு 21,000, அதிகாரிகளுக்கு 31,500 என்றது. அரசு 2017இல் அதை 30,000, 42,500 என உயர்த்தியது, மனமாரப் பாராட்டலாம். ஆனால் அங்குள்ள பனி தோள்பட்டை நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து அடிப்பதில்லை.

கேள்வி: இதையெல்லாம் முடிவு செய்வது தளபதிகளா? (மதுரை)

பதில்: இல்லை. ஊதியக்குழு பரிந்துரைக்கும், மத்திய அமைச்சரவை முடிவெடுக்கும். முப்படைகள் மனு கொடுக்கலாம். நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது குழுவில் சீருடைக்காரர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை.

கேள்வி: அக்னிவீரர்களுக்கு? (தர்மபுரி)

பதில்: முதலாண்டு மாதம் 30,000, நான்காம் ஆண்டில் 40,000. அதில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போகும். அதே அளவு தொகையை அரசும் போடும். சியாச்சின் போன்ற இடங்களுக்கான படி உண்டு. பஞ்சப்படி இல்லை, ராணுவப் பணி ஊதியம் இல்லை. நான்கு ஆண்டுகள் முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரப் பணி. மற்றவர்கள் ஓய்வூதியமின்றி வெளியேற வேண்டும்.

கேள்வி: எட்டாவது ஊதியக்குழுவிடம் நீங்கள் கேட்பது என்ன? (தஞ்சாவூர்)

பதில்: ஒன்றே ஒன்று. ராணுவப் பணி ஊதியம் பதவி பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும், அக்னிவீரருக்கும் கிடைக்கட்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பட்டாளத்துக்காரர் இருந்தால், தொகுதி எம்.பி.க்கு இதைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள்.