அட்வான்ஸும் அதன் விளைவாகிய மெல்லிசைக் குழுவும்: ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

தமிழிசை பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. பண்ணையும் பாணரையும் ஆராய்ந்து பட்டம் வாங்கியோர் பலர். ஆனால் அம்மன் கோயில் பொங்கலுக்கு மேடையேறி, பாதிக் கச்சேரியில் ரிதம் ஆளை இழந்து, மீதியை ஊர்ப் பையன் ஒருவனை வைத்து ஒப்பேற்றி, பேசிய தொகையில் பாதியோடும் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடும் வீடு திரும்பும் சின்னஞ்சிறு மெல்லிசைக் குழுவை அறிவுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வேறு யாரும் முன்வராத காரணத்தால் அந்தப் பொறுப்பு இக்கட்டுரையின் தலையில் விழுந்தது.

ஆய்வுக்களம் சிவகாசி. இங்கே இசைக்குழுவில் இருப்பவர்கள் பகலில் அச்சகத்திலோ பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ இருப்பவர்கள். இசை அவர்களுக்கு ஓய்வுநேர வேலை. ஓய்வுநேரமோ ஊரின் தொழிலைப் பொறுத்து மாதத்துக்கு மாதம் இடம் மாறுவது. ஆய்வுக்காலம் ஆடி முதல் ஆனி வரை ஓராண்டு. குழுவின் பெயர் தரப்படவில்லை. அந்த ஓராண்டுக்குள்ளேயே பெயர் மூன்று முறை மாறியதால், எதைத் தருவது என்னும் சிக்கலும் இதில் உண்டு.

கருதுகோள் இது: ஒரு குழு இருக்கிறது, அது அட்வான்ஸ் வாங்குகிறது என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தலைகீழானது. அட்வான்ஸ் முதலில் தோன்றுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலை அடுத்துத் தோன்றுகிறது. குழு அதற்கும் பிறகே தோன்றுகிறது.

2. முன்னோடி நூல்கள்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒரு கலைக்குழு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐயம்திரிபறச் சொல்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தகுதி கூறுகிறது. மேடைக்கும் அளவு உண்டு: இருபத்துநான்கு பெருவிரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். நம் குழுவின் மேடை இரண்டு டிராக்டர் டிரெய்லர்களை ஒட்டி நிறுத்தியது. ஒன்று மற்றொன்றைவிட அரை அடி உயரம். உயர்ந்த பகுதியில் யார் நிற்பது என்பதே ஆண்டின் முதல் கருத்து வேறுபாடு. குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் சென்றதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். நம் குழுவில் பாடகரைக் கீபோர்டு தேடுகிறது, கீபோர்டைத் தபலா தேடுகிறது, தபலாவை மைக் செட்காரர் தேடுகிறார்.

அரங்கேற்றத்துக்கு மாதவி பெற்றது ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். ஆயிரத்துக்கு மேலுள்ள அந்த எட்டே, இன்று மேடையில் வாசிக்கப்படும் ‘அன்பளிப்பு நூற்றியொரு ரூபாய்’ என்பதிலுள்ள ஒன்றுக்கு மூதாதை என்பது எம் துணிபு. பாக்கி வைத்ததாகக் காப்பியத்தில் குறிப்பில்லை. இந்த ஓரிடத்தில் மட்டும் அதைக் கற்பனை என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படைகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. பரிசில் பெற்றுவரும் கலைஞன், பெறாமல் பசியோடு வரும் கலைஞனை எதிரே கண்டு, எந்த ஊர் போனால் எவன் கொடுப்பான் என்று வழி சொல்வது இவ்விலக்கியத்தின் சாரம். சாத்தூர் பேருந்து நிலைய டீக்கடையில் இரண்டு குழுக்காரர்கள் சந்தித்தால் இன்றும் நடப்பது அதுவே. ஆனால் ஒரு திருத்தம் உண்டு: பணம் ஒழுங்காகத் தரும் ஊரின் பெயரை யாரும் சொல்வதில்லை, தராத ஊரின் பெயரை மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள்.

3. உறுப்பிலக்கணம்

கீபோர்டு: குழுவின் தலைமைப் பதவி திறமையால் வருவதன்று. கீபோர்டு யாருக்குச் சொந்தமோ அவரே தலைவர். வாசிக்கத் தெரிந்தவர் வேறொருவராக இருக்கலாம், அவர் ஊழியர்.

ரிதம் பேட்: 1985இல் ரோலண்ட் நிறுவனம் எட்டுத் தட்டுகளோடு வெளியிட்ட ஆக்டோபேடின் வழித்தோன்றல். டிரம்ஸ், தும்பா, பாங்கோ முதலியவற்றில் நால்வர் செய்ததை இப்போது ஒருவரே செய்கிறார். அவர் வராத நாளில் நால்வர் வராத பலன் ஒரே தவணையில் கிடைக்கிறது.

பாடகர்: சொந்தக் குரலில் பாடுபவருக்குக் குழுவில் இடமில்லை. ‘டி.எம்.எஸ். குரல்’, ‘எஸ்.பி.பி. குரல்’, ‘ஜானகி குரல்’ என்றே ஆள் எடுக்கப்படுகிறது. மேடைகளில் தம் பாடல்களைப் பாடுவது தொடர்பாக 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வழக்கறிஞர் அறிவிக்கை போயிற்று. நம் எஸ்.பி.பி. குரல், தமக்கும் ஒன்று வரும் என்று சில வாரம் தபால்காரரை வழிமேல் விழிவைத்துப் பார்த்திருந்தார். வரவில்லை. அந்த மனக்காயம் அவர் பாடும் சோகப் பாடல்களில் இன்றும் தெரிகிறது.

பென் டிரைவ்: பாட்டின் இசையை மட்டும் கொண்ட ‘ட்ராக்’ இதில் குடியிருக்கிறது. சாப்பாடு, பஸ் காசு, மரியாதை எதுவும் கேட்காத ஒரே உறுப்பினர். குழுவின் கடைசிக் கலைஞர் போனபிறகும் இது இருக்கும். அப்போது அந்த நிகழ்ச்சியின் பெயர் கரோக்கி.

‘ம்ம்’: எர்த் சரியில்லாத மேடையில் ஸ்பீக்கர் இடைவிடாமல் எழுப்பும் ஓசை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டின் கீழ்ப்பகுதியில் ‘ஜி’ கட்டையின் ஒலி 49 ஹெர்ட்ஸ். ஆகவே மின்சாரம் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே சுருதி சேர்த்துக்கொண்டு நிற்கிறது. ஆண்டு முழுவதும் எல்லாக் கச்சேரிக்கும் தவறாமல் வந்ததும், சுருதி மாறாமல் நின்றதும் இவ்வுறுப்பினர் மட்டுமே.

4. ஆண்டு வரலாறு

ஆடி. கல்யாணம் இல்லாத மாதம், கோயில் உள்ள மாதம். கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனை நோக்கி நடந்துபோகும் பக்தர்களுக்காகச் சாலையோரப் பந்தலில் முதல் நிகழ்ச்சி. எல்.ஆர்.ஈஸ்வரி குரலில் நிலைபெற்ற அம்மன் பாட்டைப் பாடகி எடுத்ததும் ஓர் அம்மாளுக்குச் சாமி வந்தது. நான்கு நிமிடப் பாட்டு. சாமி இறங்க முக்கால் மணி நேரம். அடியை நிறுத்தினால் தெய்வக் குற்றம், நிறுத்தாவிட்டால் மணிக்கட்டு போய்விடும் என்னும் நிலையில் ரிதம் ஆள் இரண்டாவதைத் தேர்ந்தார். மறுநாள் கையில் கட்டோடு வந்து குழுவிலிருந்து விலகினார்.

அதே மேடையில் சட்டச் சிக்கலும் எழுந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஐம்பத்தைந்து என்பது திண்ணையில் இருவர் அடக்கமாகப் பேசிக்கொள்ளும் சத்தம். கமிட்டித் தலைவரின் வரம்போ ‘பக்கத்து ஊர்க்காரனுக்குக் கேட்கணும் அண்ணாச்சி’ என்பது. பத்து மணிக்குக் காவல்துறையிலிருந்து ஒருவர் வந்து கைகாட்டினார். இம்மாவட்டத்தில் மெல்லிசைக்கு இருக்கும் ஒரே விமர்சகர் அவர்தாம். அவருடைய விமர்சனங்கள் சுருக்கமானவை, மேல்முறையீடு இல்லாதவை.

ஆவணி. கல்யாண வரவேற்புகள் குவிந்தன. பேஸ் கிட்டார் போயிற்று. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அதன்பின் ஆர்டர்கள் வந்து விழும், ஆப்செட் மெஷின் இரவும் ஓடும். மெஷினை ஓட்டுபவர் நம் பேஸ் கிட்டார்காரர். கீபோர்டின் இடது கை பேஸை ஏற்றுக்கொண்டது. வேறுபாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டபோது அவர் அடைந்த துயரம் தனி ஆய்வுக்குரியது.

வரவேற்பு மேடையில் குழுவுக்குச் சட்டத் துணையும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மதச் சடங்குகளிலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாடுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. பாட்டுக்கு நேர்ந்ததைப் பற்றி அப்பிரிவில் ஒன்றும் இல்லை.

புரட்டாசி, ஐப்பசி. தீபாவளி நெருங்க நெருங்க, பட்டாசுக் கடையில் வேலை பார்க்கும் அறிவிப்பாளர் மறைந்தார். ஆலைக் கணக்கு எழுதும் தபலாக்காரரும் மறைந்தார். குழு என்பது வாட்ஸாப்பில் ஒரு பெயராகவும், தலைவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு கீபோர்டாகவும் சுருங்கியது. தீபாவளி கழிந்து ஆலைகள் சில வாரம் மூடியதும் எல்லோரும் ஒரே நாளில் திரும்பினார்கள். அப்போது நிகழ்ச்சிதான் இல்லை.

கார்த்திகை. மூவர் ஐயப்பனுக்கு மாலை போட்டனர். வரவேற்பு வீட்டில் பிரியாணி. மூவரும் தனியே தயிர்சாதம் கேட்டனர். மணமக்கள் மேடையில் நிற்க, மூவரும் ஐயப்பன் பாட்டிலிருந்து இறங்கிவர மறுத்தனர். பெண் வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் பொறுக்கவில்லை. ‘சாமி, ஒரு குத்துப்பாட்டு’ என்று வந்த துண்டுச்சீட்டு இவ்வாண்டின் முக்கிய ஆவணங்களுள் ஒன்று.

மார்கழி. டிசம்பர் 31 இரவுக்கு ஒரு குடியிருப்போர் சங்க நிகழ்ச்சி. பேஸ் கிட்டார்காரர் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டின் 365 நாளையும் அச்சடித்து அனுப்பியாகிவிட்டதால் அவருக்குச் செய்ய வேறொன்றும் இருக்கவில்லை.

தை. பாடகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மைக் செட் உரிமையாளர். வரவேற்பில் குழுவினர் இலவசமாக வாசித்தனர். வீட்டு விசேஷத்துக்குக் கூலி பேசுவது மரபன்று. மறுவாரம் தம்பதியர் வேறொரு குழுவில் சேர்ந்தார்கள். ஒரு கல்யாணத்தில் குழு இழந்தவை: ஜானகி குரல், ஆறு மைக், மிக்ஸர், இரண்டு பெட்டி ஸ்பீக்கர்.

மாசி. சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் விடியவிடியக் கச்சேரி. பெண் குரலுக்கு ஆள் இல்லை. எஸ்.பி.பி. குரல் இடப்பக்கம் திரும்பி ஆணாகவும் வலப்பக்கம் திரும்பிப் பெண்ணாகவும் டூயட் பாடினார். ஆண்டு முழுவதிலும் உண்மையான கைதட்டல் வாங்கியது இது ஒன்றுதான். இதனால் ஊக்கமுற்ற அவர், இரண்டு பேர் சம்பளம் கேட்டார்.

பங்குனி, சித்திரை. பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் சிவகாசியின் பெருநாள்கள். தலைவர் ஒரே இரவுக்கு இரண்டு ஊரில் அட்வான்ஸ் வாங்கினார். குழு இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியும் ‘ஒரிஜினல்’ என்று விளம்பரம் செய்துகொண்டன. ஒரு பாதியில் கீபோர்டு இருந்தது, பாட ஆள் இல்லை. மறுபாதியில் பாட ஆட்கள் இருந்தனர், பென் டிரைவ் மட்டும் இருந்தது. இரண்டாம் பாட்டில் பென் டிரைவும் நின்றது. அன்று நள்ளிரவில் இரு பாதிகளும் திருத்தங்கல் சாலைப் பரோட்டாக் கடை ஒன்றில் சந்தித்து, பில்லை யார் கொடுப்பது என்பதைத் தவிர எல்லா விஷயத்திலும் சமாதானமாயின.

5. கண்டறிந்த விதிகள்

முதல் விதி: அச்சில் இருப்பவர் குழுவில் இரார், குழுவில் இருப்பவர் அச்சில் இரார். ஆப்செட்டில் செலவு பிளேட்டுக்கும் மெஷினைத் தயார் செய்வதற்கும் ஆவது. நூறு விசிட்டிங் கார்டு அடிப்பதும் ஆயிரம் அடிப்பதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஆயிரம் அடிக்கப்படுகிறது. கார்டு தீருமுன் ஆட்கள் தீர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் விதி: ஊரில் நிகழ்ச்சி நிறைந்திருக்கும்போது உறுப்பினருக்கு வேலையும் நிறைந்திருக்கும். கமிட்டிக்கு நன்கொடை தரும் முதலாளியும், உறுப்பினருக்கு ஓவர்டைம் தரும் முதலாளியும் ஒருவரே என்பது இதன் காரணம்.

மூன்றாம் விதி: சண்டையால் விலகியவர் திரும்பி வருவார். நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்து விலகியவர், பார்வையாளராக முன்வரிசையில் வந்து அமர்ந்து, ‘முன்ன மாதிரி இல்லை’ என்பார்.

நான்காம் விதி: தெருவில் துட்டி விழுந்தால் கச்சேரி நிற்கும்; அட்வான்ஸ் நிற்காது. அது அடுத்த பொங்கலுக்கு என்று எழுதப்பட்டு, ஆட்களைக் கட்டிவைக்கும்.

6. முடிவு

ஆனி கடைசியில் நிலைமை வருமாறு: ரிதம் ஆள் தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. தபலாக்காரர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். டூயட்டை ஒற்றையாளாகப் பாடியவர் தனிக்குழு தொடங்கி, அதில் அவர் மட்டுமே இருக்கிறார். தலைவரிடம் எஞ்சியவை ஒரு கீபோர்டும், எழுநூறு சொச்சம் விசிட்டிங் கார்டும். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் குழு என்று ஒன்று அப்போது இல்லை.

அந்த நிலையில் ஒருநாள் காலை, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமக் கமிட்டிக்காரர் ஒருவர் தலைவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆடி வெள்ளிக்கு என்று ஐயாயிரத்து ஒரு ரூபாயை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தார். ‘எத்தனை பேர் வருவீங்க அண்ணாச்சி?’ என்று கேட்டார். ‘ஒன்பது’ என்றார் தலைவர், கண் இமைக்காமல். பணத்தில் பாதி அன்று மதியமே கீபோர்டு அடாப்டர் பழுதுபார்க்கவும் பழைய பாக்கி ஒன்றைத் தீர்க்கவும் போயிற்று. இனித் திருப்பிக் கொடுக்க வழியில்லை. மாலை ஆறு மணிக்குள் ஒன்பது பேருக்கும் போன் போய்விட்டது. எட்டுப் பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

ஒன்பதாவது ஆளாக, தபலா தெரிந்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். சிவராத்திரிக்கு ஊரில் இருப்பவராக இருந்தால் நலம். மாலை போடும் வழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.