தகரத்துண்டு முதல் ஈ-விசா வரை: ஊவாத் தோட்டப்புறக் கடல்கடப்பியலுக்கு ஒரு முன்னுரை

கடல் கடக்கக் கலம் வேண்டும், காற்று வேண்டும், காசு வேண்டும் என்பது முன்னோர் துணிபு. இவற்றோடு 10 கிலோபைட்டுக்குக் குறையாமலும் 1 மெகாபைட்டுக்கு மிகாமலும் ஒரு முகமும் வேண்டும் என்பது 21ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. இந்த நான்காவது தேவையைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இல்லாத குறையைப் பதுளையிலிருந்து தீர்த்துவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. அவர்களுக்கு ஆயிரம் சோலி.

ஆய்வுப்பொருள், இந்தியாவுக்குச் சில நாள் போய்வர இணையத்தில் எடுக்கும் ஈ-விசா. இந்தியா இத்திட்டத்தை 2014 நவம்பரில் தொடங்கியது. 2015 மார்ச்சில் கொழும்பு வந்த பிரதமர் மோடி, ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கும் அது கிடைக்கும் என்று அறிவித்தார். சித்திரைப் புத்தாண்டன்று கைவிசேடமாக வந்த அனுமதியாகையால், அதற்குச் சாதகம் குறிக்க நாள் தேடவேண்டியதில்லை. ஆய்வுக்களம், பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கொமினிகேசன். போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அங்கே நடக்கும். மடுல்சீமை, பசறை, லுணுகலை, நமுனுகுல, ஹாலிஎல ஆகிய திசைகளிலிருந்து வரும் பஸ்கள் தம் கடலோடிகளை இக்கடை வாசலிலேயே இறக்கிவிடுகின்றன. திருச்சிக்குப் போகும் விமானம் கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டாலும், பயணம் தொடங்குவது இங்குள்ள பிளாஸ்டிக் கதிரையில்தான்.

ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவர் ஓர் அப்பாயி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறிய தம்பியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. கருவி இயக்குநர் கடைத் தம்பி. ஆய்வாளர் அடுத்த கதிரையில் கிராம சேவகரின் (ஜீ.எஸ்.) கடிதம் ஒன்றைப் போட்டோகொப்பி எடுக்கக் காத்திருந்தவர். புறவயத் தன்மைக்கு இதைவிடச் சிறந்த நிலை இல்லை.

முதலில் வம்சாவளி. ஈ-விசாவுக்கு மூதாதை விசா என்பது பொதுவான எண்ணம். இவ்வாய்வாளர் அதை மறுக்கிறார். ஈ-விசாவின் நேரடி முப்பாட்டன் தகரத்துண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சியிலிருந்து இயங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் காலத்தில், தோட்டத்துக்கு ஆள் கட்டப்பட்டவரின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் அடித்திருக்கும். அதைக் காட்டினால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில் விழும், பிறகு அங்கிருந்து வழுக்கி ஆளின் கடன் கணக்கில் விழும். ஈ-விசாவும் ஓர் எண். அதையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேறுபாடு இரண்டுதான். தகரத்துண்டுக்காரர் ஒரு கேள்விக்கும் பதில் எழுதியதில்லை. ஈ-விசாக்காரர் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார், அதுவும் கடைத் தம்பியின் கார்டில். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிட்ட கார்டு தோட்டத்தில் யாரிடம் இருக்கிறது?

மண்டபம் முகாமையும் இங்கே நினைக்க வேண்டும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின், இலங்கைக்கு வரும் தொழிலாளரை அங்கே நிறுத்தி, மருந்து தெளித்து, ஊசி குத்தி, சில நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். இன்று ஆளை யாரும் நிறுத்திவைப்பதில்லை. விண்ணப்பத்தை நிறுத்திவைக்கிறார்கள். ஆள் வீட்டில் இருந்துகொண்டே தவிக்கலாம். இதை முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இனிப் படிவத்துக்குள் புகுவோம்.

பெயர்க் கட்டத்தைச் சுருக்கமாகக் கடக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டியது என்று ஒரே அப்பாயி மூன்று பேராக வாழ்ந்திருக்கிறார். பாஸ்போட்டில் இருப்பதே மெய், ஏனையவை மாயை என்று தம்பி தீர்த்துவைத்தான். சங்கரருக்குக்கூட இவ்வளவு விரைவில் முடிவு கிடைத்ததில்லை.

முகவரியில் கொஞ்சம் நின்றோம். வீட்டு இலக்கம், தெரு என்று படிவம் கேட்கிறது. லயத்துக்கு இலக்கம் உண்டு, காம்பராவுக்கும் உண்டு, ஆனால் தெரு கிடையாது. தபால்காரர் காம்பரா வாசலுக்கு வருவதும் கிடையாது. கடிதங்கள் தோட்டத்து ஒபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது மலையேறும்போது கையில் வரும். இரு நூற்றாண்டாக வாழும் இடத்துக்குச் சொந்த முகவரி வேண்டும் என்று தோட்ட மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பி மேல்பிரிவு என்று போட்டு, தோட்டத்துப் பெயரைப் போட்டு, பதுளை என்று முடித்தான். படிவம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மலை தெரியாது.

அடுத்தது குடியுரிமை. பிறப்பால் பெற்றீரா, இயல்புரிமையால் பெற்றீரா என்று இரண்டே தெரிவு. வேறெந்த விண்ணப்பதாரரும் இவ்விடத்தில் மூச்சு விடாமல் கடந்துபோவார். ஊவாத் தோட்டப்புறத்திலோ இது சட்டக் கல்லூரி இறுதியாண்டு வினா.

அப்பாயி பிறந்தது இந்த மலையில். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தால் போதாது, அப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதைக் காட்ட வேண்டும் என்றது. அக்காலத்துத் தோட்டத்தில் பிறப்பைப் பதிந்துவைத்தவர் குறைவு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 பேரை இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம் என்பது கணக்கு. பத்தாண்டு கழித்து அந்த மீதியும் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியானது. அப்பாயியின் தம்பி மனைவிவழி உறவோடு இந்தியக் கணக்கில் சேர்ந்தார். அப்பாயி எந்தக் கணக்கிலும் சேராமல் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் பிரஜையாக்கியது. அத்தாட்சி ஒரு சத்தியக் கடதாசி. ஆகவே அவர் பிறப்பாலும் பெறவில்லை, இயல்புரிமைக்கு மனுப் போட்டும் பெறவில்லை. ஒருநாள் எழும்பிப் பார்த்தபோது பிரஜையாக இருந்தார். இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"பாட்டி, எங்க பொறந்தீங்க?" என்று தம்பி கேட்டான்.

"தோட்டத்துலதான்யா. வேற எங்க?"

பிறப்பால் என்று அழுத்தினான். 1948இல் நாடாளுமன்றம் மறுத்ததை எலி ஒரு சொடுக்கில் வழங்கிவிட்டது. இந்த அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவைப்படவில்லை.

இனி வருவதே இவ்வாய்வின் இதயம். பெற்றோர், பாட்டன் பாட்டி யாராவது பாகிஸ்தான் பிரஜையா என்று படிவம் வினவுகிறது. ஆம் என்றால் ஈ-விசா கதவு மூடிக்கொள்ளும். வழமையான விசாவுக்குத்தான் அலைய வேண்டும். தம்பி இல்லை என்று போடப் போன நேரத்தில் அப்பாயி நிறுத்தினார்.

"எங்கப்பா காயிதத்துல பாக்கிஸ்தான்னு போட்டிருக்கே தம்பி. படிச்சவங்க வாசிச்சுச் சொல்லியிருக்காங்க. பொய் எழுதிட்டா அங்க எறங்கவுடாமத் திருப்பிருவானே?"

பையிலிருந்து பொலித்தீன் உறையைப் பிரித்தார். உள்ளே மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசையில் ஒட்டிய பழுப்புத் தாள். தலைப்பில் ஆங்கிலத்தில் அந்தச் சொல் அச்சாகவே இருந்தது. கடையில் இருந்த அனைவரும் எட்டிப் பார்த்தோம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துக்கு லாகூரில் என்ன வேலை?

விடை 1949இல் இருக்கிறது. பிரஜாவுரிமை பறிபோனவர்களுக்காக அவ்வாண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் பெயர் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். சில நூறாயிரம் தோட்டத் தமிழரையும், கொழும்பு வணிகத்தில் இருந்த சிறு எண்ணிக்கைப் பாகிஸ்தானியரையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் உட்காரவைத்த சட்டம் அது. 1951 ஆகஸ்ட் வரை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர். அப்பாயியின் அப்பா அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றவர். நிராகரித்து வந்த தாளின் தலைப்பில் இருந்த பெயரே, எழுபதாண்டுக்கு மேல் டிரங்குப் பெட்டியில் படுத்திருந்து, பேத்தி எடுத்துக் கொடுத்த பாஸ்போட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

இதிலிருந்து இவ்வாய்வாளர் முன்வைக்கும் விதி: நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் சாவதில்லை, அடுத்த விண்ணப்பத்துக்காகக் காத்திருக்கிறது. இதற்கு எதிர்ச்சான்று இருந்தால் பதுளைக்கு எழுதலாம்.

தம்பி தாளை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, போட்டோகொப்பி ஒன்று எடுத்துவைத்துக்கொண்டு, இல்லை என்பதையே அழுத்தினான். கொப்பி எதற்கென்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் சேர்" என்றான். ஆவணக் காப்பகத்தின் அடிப்படைக் கோட்பாடு இதுவே.

தொழில் கட்டத்தில் முதலாளி யார் என்ற கேள்வி. அப்பாயி கொழுந்தெடுக்கத் தொடங்கியபோது தோட்டம் லண்டன் கம்பனியுடையது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தை மீண்டும் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தது. துரைமார் நிறம் மாறினார்கள், பெயர்ப்பலகை மாறியது, அப்பாயி அதே நிரையில் அதே செடியில் நின்றார். யார் பெயரை எழுதுவது என்று தம்பி விழித்தான். சம்பளச் சீட்டில் கடைசியாக இருந்த பெயரைப் போட்டோம்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதாவது உண்டா என்றும் ஒரு கேள்வி. அப்பாயி இரண்டு கையையும் மேசைமேல் விரித்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை கீறல்களுக்குள் ஏறி நிரந்தரமாகிவிட்டது. நெற்றிக்கு மேலே, கூடைக் கயிறு தாங்கிய இடத்தில், முடி மெலிந்து ஒரு கோடு. தம்பி பார்த்துவிட்டு, நாடியில் ஒரு மச்சம் இருந்ததைக் கண்டுபிடித்து அதை எழுதினான். அதிகாரிகளுக்கு மச்சம் விளங்கும்.

ஒப்பீட்டுக்காக எதிர்த்திசைப் போக்குவரத்தையும் நோக்கினேன். இலங்கை 2012 ஜனவரி 1 முதல் ஈ.டி.ஏ. என்ற இணைய அனுமதியை நடத்துகிறது. 2024இல் அதை மாற்றி வெளியார் கையில் கொடுத்து, உச்ச நீதிமன்றம் தடுத்தபின் பழைய முறைக்கே திரும்பிய கதை தனி ஆய்வுக்குரியது. அந்த அனுமதியோடு எல்ல நகருக்கு வந்து, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று, வழியில் கொழுந்தெடுப்பவரைப் படம்பிடிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். தங்கள் பாட்டன் எந்த நாட்டுக்காரன் என்று யாரும் கேட்டதாக அவர்களுக்கு நினைவில்லை.

மிகக் கடினமான கட்டம் கடைசியில் வந்தது. இந்தியாவில் உங்களை அறிந்தவர் ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். அப்பாயியை அறிந்தவர் அங்கே ஒருவர்தான். அவருடைய முகவரி தெரிந்திருந்தால் இந்தப் பயணத்தின் பாதி முடிந்திருக்கும். அப்பாயியின் தம்பி, தாயகம் திரும்பியோருக்காக 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார், கூடலூர்ப் பக்கம் என்பது வரை கடிதம் வந்திருக்கிறது. பிறகு நின்றுவிட்டது. அங்கும் லயம்தான், அங்கும் தெரு இருக்காது. தேடிப் போகும் ஆளின் முகவரியைத் தந்தால் தேடிப் போக விடுவோம் என்கிறது படிவம். தர்க்கநூலார் இதற்குச் சுழற்குற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீர்வு வைக்கவில்லை.

தீர்வைக் கடைத் தம்பி வைத்திருந்தான். திருச்சியில் உள்ள ஒரு லொட்ஜின் பெயரும் இலக்கமும் அவன் கணினியில் தனிக் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தன. பயணிகளில் பெரும்பாலோர் முதல் இரவை அங்கேதான் கழிப்பார்களாம். லொட்ஜ்காரரும் போனில் கேட்டால், "ஆமா, எனக்குத் தெரிஞ்சவங்கதான்" என்று சொல்ல உடன்பட்டிருக்கிறார். ஊவா மாகாணத்தில் இத்தனை பேரை அறிந்த இந்தியர் வேறு எவரும் இல்லை என்று துணிந்து கூறலாம்.

முகம் எடுக்கும் சடங்கு விரைவில் முடிந்தது. வெள்ளைச் சுவர், கண்ணாடி கழற்று, சிரிக்காதே. சதுரமாக வெட்டி, அளவைக் குறைத்து ஏற்றினான். பாஸ்போட்டின் பீ.டீ.எஃப். 300 கிலோபைட்டுக்கு மேல் போய் இரண்டு தரம் திரும்பிவந்தது. கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டும் சோதனையில் அவனே ஒருமுறை தோற்றான்.

அனுமதி கிடைத்ததென்ற மின்னஞ்சல் மூன்றாம் நாள் வந்தது. அப்பாயிக்கு மின்னஞ்சல் ஏது, தம்பியின் முகவரிக்குத்தான் வந்தது. இரண்டு பிரதி அடித்து, வேண்டாம் என்று நான் சொல்லியும் ஒன்றை லெமினேட் செய்து கொடுத்தான். விசாரித்ததில், மடுல்சீமை முதல் ஹாலிஎல வரை அவன் நிரப்பிய விண்ணப்பங்கள் அனைத்துக்கும் அந்த ஒரே மின்னஞ்சல்தான் என்று தெரிந்தது. ஊவாத் தோட்டப்புறத்தின் கடல்கடந்த வரலாறு முழுவதும் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தக் கடவுச்சொல் ஒருவன் தலையில் இருக்கிறது. வருங்கால ஆய்வாளர்கள் விரைவாக வருவது நல்லது. அவன் கட்டாருக்கு வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கிறானாம்.