லவ் லேனில் தூக்கம் வருமா?

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லவ் லேனில் உள்ள பழைய கடைவீட்டு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். சுற்றிலும் மதுக்கூடங்களாமே, ராத்திரி தூக்கம் வருமா?

காதல் என்று பேர் வைத்த சந்தில் யாருக்குத் தூக்கம் வந்திருக்கிறது? பின்கட்டு அறையாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வீடுகளுக்கு முகம் குறுகல், உடம்பு நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். தெருச் சத்தம் அத்தனை கட்டும் தாண்டி வருவதற்குள் களைத்துப்போகும். மாடி அறை இன்னும் நல்லது. தளம் மரப்பலகை என்பதால், மேலே ஒருவர் நடந்தால் கீழே இருப்பவர் எழுந்துவிடுவார்.

அங்கே நம்மவர்கள் சுவடு ஏதாவது உண்டா?

சந்து போய் முட்டும் தெருவே நம்மவர்கள் பேரில்தான் இருக்கிறது! சூலியா தெரு. தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே சூலியா என்றார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நடக்கும் தூரம்தான். அவர்கள் கைப்பக்குவமான நாசி கண்டார் சோறு சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

இந்த விடுதிகளில் முன்பு யார் இருந்தார்கள்?

வாடகைக்குக் குடியிருந்த குடும்பங்கள், சின்னச் சின்னக் கடைக்காரர்கள். 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை எகிறிப் பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் சேர்ந்தபின் விடுதிகள் பெருகின. போகாமல் தாக்குப்பிடித்தவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடிந்தால் வேலை. அதனால் பாட்டை மதுக்கூடத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள்.