துண்டு முதல் தரவுத்தளம் வரை

தொழிற்சங்க அங்கத்தவர் பட்டியலைக் கணினியில் ஏற்றி, இணையத்தளமும் திறந்துவிட்டால் மலையகம் நவீனமாகிவிடும் என்கிறார்கள். தரவுத்தளம் நமக்குப் புதிதா என்ன? 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், கடன் கணக்கைச் சுமந்த ஒரு காகிதத் துண்டு இல்லாமல் தொழிலாளி அடுத்த தோட்டத்துக்கு நகர முடிந்ததில்லை. இன்று சங்கச் சந்தா சம்பளத்திலேயே கழிகிறது. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ராமாயி, இராமாயி, ராமாயம்மா என்று எப்படி எழுதியிருந்தாலும் கழிவில் மட்டும் பிசகே வராது. சேமலாப நிதி கேட்கப் போகும்போதுதான் அதே பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று சத்தியக்கடதாசி கேட்பார்கள்.

கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்க்க இணையம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், நியாயம்தான். ஆனால் முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவரை எந்தக் கட்டத்தில் பதிவது? செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டால் சந்தா நிற்கும். சந்தா நின்றால் பட்டியலிலும் ஆள் இல்லை. ஆனால் அவர் அதே லயத்தில்தான் இருக்கிறார். இணையத்தள முகப்பில் தலைவர் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் அவருக்கும் ஒரு வரி கிடைக்கும். படத்தைச் சுருக்கும் மென்பொருள்தான் இன்னும் வரவில்லை போலும்.