எட்டாம் வரியில் எரர், ஏழாம் வரியில் தப்பு

கேள்வி: கல்லூரியில் சி மொழி லேப் தொடங்கிவிட்டது. நான் எழுதியது 10 வரி, வந்தது 14 எரர்! எனக்கு புரோகிராமிங் வரவே வராதா?
– முதலாண்டு மாணவி, வடபழனி

பதில்: 14 தப்பை நீங்கள் செய்திருக்கவே மாட்டீர்கள். வடபழனி சிக்னலில் வண்டிகள் தேங்கி நின்றால், கோளாறு அங்கேயேதான் இருக்க வேண்டுமா? நூறடி சாலையில் வேறெங்கோ ஒரு பஸ் பழுதாகி நின்றிருக்கும். கம்பைலரும் அப்படித்தான். ஏழாம் வரியின் கடைசியில் செமிகோலனை விட்டுவிட்டால், எட்டாம் வரிக்கு வந்த பிறகுதான் அது தடுக்கி விழும். பழியையும் பல நேரம் எட்டின் மேலேயே போடும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால், கீழே இருக்கும் நல்ல வரிகள்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். அதனால் முதல் எரரை மட்டும் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்து பாருங்கள். கூட்டம் தானே கலையும்.

இப்படி மறுபடி மறுபடி கம்பைல் செய்து பார்ப்பது முன்பு இவ்வளவு சுலபமில்லை. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கணினி வந்த காலத்தில், நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு துளை அட்டை; அட்டைக்கு 80 எழுத்து. கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் புது அட்டை குத்தி, மறுபடி வரிசை. உங்களுக்கோ நொடியில் பதில்! அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒரு செமிகோலனை எடுத்துவிட்டு, என்ன எரர் வருகிறதென்று அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

நிரல் ஓடியதும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். செமிகோலன் வேண்டாம்.