மருத்துவத் துறைப் படிப்புத் தெரிவில் மாமாக்களின் பங்கு: ஒரு முன்னாய்வு

தமிழ்நாட்டில் ஒரு மாணவர் மருத்துவத் துறையில் எந்தப் படிப்பில் சேர்வது என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல்கள் பல. மாணவரின் விருப்பம், பெற்றோரின் கையிருப்பு, நீட் எனப்படும் தேசிய நுழைவுத் தேர்வு, கீழ்ப்பாக்கத்திலிருந்து தரவரிசைப் பட்டியல் வெளியிடும் தேர்வுக் குழு ஆகிய நான்கைப் பற்றியும் நாளேடுகளின் கல்வி இணைப்புகள் ஆண்டுதோறும் எழுதித் தீர்த்துவிட்டன. இந்த நான்கையும்விட உரத்த குரலுடையதும், எந்தத் தகவல் கையேட்டிலும் இடம்பெறாததுமாகிய ஐந்தாவது ஆற்றல் மாமா ஆவார். மருத்துவத் துறையில் படிப்பை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் மாமாவைக் கடக்காமல் அவ்விளக்கத்தை அடைய வழியில்லையாதலால், முதற்கண் அவரைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுப் பொருளுக்குத் திரும்பலாம்.

இங்கு மாமா எனப்படுபவர் தாயுடன் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரியப்பா, சித்தப்பா, மூன்றாவது மாடிக்காரர், தந்தையுடன் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆகிய அனைவரும் ஜூன் மாதம் பிறந்ததும் இப்பதவிக்கு உயர்ந்துவிடுகின்றனர். பெண்பாலாரும் உண்டு, அவர்களைப் பற்றி எழுதும் துணிவு இக்கட்டுரையாசிரியருக்கு இல்லை. மாமாவின் தொழில் காப்பீட்டு முகவர் முதல் பத்திர எழுத்தர் வரை எதுவாகவும் இருக்கலாம், மருத்துவராக மட்டும் இருப்பதில்லை. ஏனெனில் உண்மையான மருத்துவரிடம் சென்று இத்துறைக்கு வரலாமா என்று ஒரு பிள்ளை கேட்டால், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்து, சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "நல்லா யோசிச்சுக்கோம்மா" என்று மட்டுமே சொல்கிறார். மாமாவுக்கு யோசிக்கும் வழக்கம் இல்லை. இக்கட்டுரையாசிரியருக்கு மட்டும் இத்துறையில் என்ன தகுதி என்று கேட்கப்படலாம். டோக்கன் எண் கூப்பிடப்படும்வரை மருத்துவமனை நாற்காலிகளில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் சிறுநீரகப் படத்தை மனப்பாடம் செய்த தகுதி ஒன்றே அவருடையது. ஆனால் அவர் அதை வைத்துக்கொண்டு யாருக்கும் அறிவுரை சொல்லப் புறப்படவில்லை.

மாமாவின் கோட்பாடு எளிமையானது. உலகில் எம்.பி.பி.எஸ். என்ற ஒரு படிப்பு உண்டு. மற்றவை யாவும் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன இடத்தில் மிச்சப் பணத்துக்கு வாங்கிய ரவிக்கைத் துணி. எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டு வகுப்பும், சம்பளம் என்று சொல்ல முடியாத ஓர் உதவித்தொகையுடன் இரவு பகலாக வார்டில் நிற்க வைக்கும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியும் சேர்ந்தது. "அஞ்சு வருஷம், அப்புறம் வாசல்ல போர்டு மாட்டிரலாம்" என்பது மாமாவின் கணக்கு. அந்தப் போர்டில் நோயாளி முதலில் பார்ப்பது பெயருக்குப் பின்னால் எம்.டி. அல்லது எம்.எஸ். என்னும் மேற்படிப்பு இருக்கிறதா என்பதைத்தான் என்பதும், அதற்கு இன்னொரு நுழைவுத் தேர்வும் மூன்றாண்டும் வேண்டும் என்பதும், இதய மருத்துவர், சிறுநீரக மருத்துவர் என்று ஓர் உறுப்பைப் பிடிக்க அதற்கு மேலும் ஒரு தேர்வும் மூன்றாண்டும் ஆகும் என்பதும், ஆகக்கூடி எங்கும் தடங்கல் இல்லாமல் போனாலே பதினொன்றரை ஆண்டு கழித்துத்தான் தச்சருக்கு வேலை வரும் என்பதும் மாமாவின் கணக்கில் ஏறுவதில்லை.

பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவம் அவர் கண்ணுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்துபோன எம்.பி.பி.எஸ். சித்த மருத்துவம் ஐந்தரை ஆண்டு படித்துக் கசாயம் கொடுப்பது. பி.ஃபார்ம். மருந்துக் கடை. கால்நடை மருத்துவம் மாட்டு டாக்டர். இதை அவர் சொல்லும்போது சிரிக்கவும் செய்கிறார். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. அங்கே கட் ஆஃப், அதாவது கடைசியாக இடம் பெற்றவருடைய மதிப்பெண், நிற்கும் உயரத்தைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். மாமா அதைப் பார்ப்பதில்லை.

இக்கோட்பாடு நடைமுறையில் இயங்கும் விதம், சென்ற ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த பதினாறாம் நாள் விருந்தின் இரண்டாம் பந்தியில், இக்கட்டுரையாசிரியரின் இலைக்கு மேலாகவே நிகழ்ந்தமையால் அதனை விரிவாகப் பதிவு செய்வது கடமையாகிறது. அவருக்கு வலப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணும், இடப்புறம் ஒரு மாமாவும் அமர்ந்திருந்தனர். கூட்டு வைத்து முடிப்பதற்குள் மதிப்பெண் விசாரணை முடிந்தது. என்ன படிக்கப் போகிறாய் என்ற கேள்விக்கு அந்தப் பெண், "ஆப்டோமெட்ரி மாமா" என்றாள்.

"கண்ணாடிக் கடையா?" என்றார் மாமா.

ஆப்டோமெட்ரி என்பது ஓராண்டுப் பயிற்சி உட்பட நான்காண்டுப் பட்டப்படிப்பு. கண்ணின் பார்வைக் குறையை அளந்து கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் அளவு எழுதுவதும், கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், விழித்திரையின் நிலை முதலியவற்றைச் சோதித்து, நோயின் அறிகுறி தெரிந்தால் உரிய மருத்துவரிடம் அனுப்புவதும் இதைப் படித்தவர்களின் வேலை. சென்னையில் 1985ஆம் ஆண்டிலேயே சங்கர நேத்ராலயா இதற்கென்று ஒரு கல்லூரியைத் தொடங்கிவிட்டது. மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை என்று ஒருவர் நினைக்கலாம். 1976ஆம் ஆண்டு டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகமே வந்து பார்க்கும் அளவுக்கு வளர்ந்ததற்கு, கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களை அழைத்து வந்து பழக்கி, சோதனை, அளவீடு, தயார்ப்படுத்தல் எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு, அறுவை மருத்துவரை அறுவையை மட்டும் செய்யவிட்ட ஏற்பாடு முதன்மையான காரணங்களுள் ஒன்று. மாமா அதே மதுரையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர். அவருடைய கண்ணுக்குள் இப்போது உட்கார்ந்திருக்கும் லென்ஸுக்கு இத்தனை பவர் என்று அளந்து எழுதிக் கொடுத்தவர் அநேகமாக இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவராக இருக்கலாம். அந்த லென்ஸின் வழியாகத்தான் அவர் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் பாப்பா, நல்லாத்தானே படிச்ச?" என்றார்.

இதற்குப் பின் மாமா நீட் கணக்கைக் கையிலெடுத்தார். நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு சேரும், தவறான விடைக்கு ஒன்று கழியும். "இன்னும் இருபது கேள்வி போட்டிருந்தீன்னா எண்பது மார்க் ஏறியிருக்கும்" என்றார். இதில் பெருக்கல் பிழை இல்லை என்பதே ஆத்திரத்துக்குக் காரணம். இருபது கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணே போட்டிருப்பாள் என்பதையும், தெரியாமல் போட்டால் இருபது மதிப்பெண் கழிந்திருக்கும் என்பதையும் யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் பந்தியில் இருந்த அனைவரும் தலையாட்டினார்கள். ஒரு வருடம் வீட்டில் இருந்து கோச்சிங் போகட்டும் என்ற முடிவு முன்மொழியப்பட்டது. அந்த ஒரு வருடத்தில் கைப்பேசியை யார் பூட்டி வைப்பது, விசேஷ வீடுகளுக்கு யார் அவளை அழைத்துப் போகாமலிருப்பது என்பனவெல்லாம் அவளைக் கேட்காமலே ஒதுக்கீடு செய்யப்பட்டன. அவள் "சரி மாமா" என்றாள்.

இந்த இடத்தில் ரசம் வந்தது. வந்ததே தவிர இலைக்கு இறங்கவில்லை. ரச வாளியைச் சுமந்திருந்தவருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகன் இருந்தமையால், அவர் வாளியை இக்கட்டுரையாசிரியரின் காதருகே நிறுத்திக்கொண்டு, "வெளிநாட்டுல படிக்க வச்சா எவ்வளவுண்ணே ஆகும்?" என்று கேட்டுவிட்டார். மாமாவின் முகம் அப்போது அடைந்த மலர்ச்சியை விவரிக்கச் சொற்கள் இல்லை. ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ், ரஷ்யா என்று அவர் இலையின் விளிம்பில் அப்பளத் துண்டுகளை வைத்து உலக வரைபடம் ஒன்றை உருவாக்கினார். 2022இல் உக்ரைனிலிருந்து நம் பிள்ளைகள் பாதிப் படிப்பில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பியதால் அந்த அப்பளம் மட்டும் அகற்றப்பட்டிருந்தது. "சாப்பாடெல்லாம் நம்ம ஊர்ச் சாப்பாடுதான்யா" என்பது அவர் ஒவ்வொரு நாட்டுக்கும் பொதுவாகத் தந்த சான்றிதழ். 2021இல் வந்த விதிமுறைப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும், ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும். முடித்துத் திரும்பியவர் இங்கே எஃப்.எம்.ஜி.ஈ. எனப்படும் தகுதித் தேர்வில் 300 கேள்விகளில் குறைந்தது 150க்குச் சரியான விடை எழுதினால்தான் மேற்கொண்டு நகர முடியும். எதிர் வரிசையில் இருந்த ஓர் இளைஞர் இதை மெல்லிய குரலில் சொல்லவும் செய்தார். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார் மாமா. 300 கேள்விகளையும் அவரே பார்த்துக்கொள்வார் என்ற தொனியில் அது இருந்தது. ரசம் அதற்குள் ஆறிவிட்டது. வாளிக்காரர் அதை மறந்து மோர் எடுக்கப் போய்விட்டார். சாம்பாருக்கும் மோருக்கும் நடுவில் ஒரு மனிதன் ரசமின்றி விடப்படுவது எத்தகைய அநீதி என்பது சாப்பிடத் தெரிந்தவர்களுக்குப் புரியும், இங்கு அதை வளர்க்க வேண்டியதில்லை.

நர்சிங்கைப் பற்றியும் மாமாவுக்கு ஒரு கருத்து உண்டு. அது ஆளைப் பொறுத்து மாறும்: தம் மகளுக்கு "ராத்திரி டூட்டி, வேண்டாம்", பிறர் மகளுக்கு "ஜெர்மனி போயிரலாம்". நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங்குடன் ஜெர்மன் மொழியையும் ஒரு நிலைவரை கற்றுத் தேர வேண்டும் என்பது "பேசப் பேச வந்துரும்" என்ற வகையில் சேர்ந்தது.

இவை தவிர எஞ்சிய அனைத்தும் மாமாவின் அகராதியில் பாராமெடிக்கல் என்ற ஒரே மூட்டை. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய மருத்துவம் சார் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் அந்த மூட்டையைப் பிரித்துப் பத்து வகைகளாக அடுக்கியிருக்கிறது: ஆய்வகம், இயன்முறை மருத்துவம், கதிரியல் படமெடுப்பு, ஊட்டச்சத்து, மருத்துவப் பதிவேடு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வாழ்க்கை. மாமா இவர்களை அறியாதவர் அல்லர், இவர்களிடம் படுத்துக்கிடந்தவர். இரத்தப் பரிசோதனைக்கு அவருக்குத் துணைபோன ஒருவர் தந்த வாக்குமூலம் இதற்குச் சான்றாகும். ஆய்வகப் பெண் ரப்பர் பட்டையை மேற்கையில் இறுக்கிக் கட்டி, முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் தட்டி, கண்ணால் பார்க்காமல் விரல்நுனியாலேயே நரம்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா, "இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தா டாக்டர் ஆகியிருக்கலாமேம்மா" என்றாராம். "லேசா சுருக்குன்னு இருக்கும் சார்" என்றாளாம் அவள். அன்று ஊதா மூடிக் குழாய் நிரம்புவதற்கு இரண்டு கைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. மாமாவின் நரம்பு மெலிந்தது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதை ஐயுற ஆதாரம் இல்லை.

இனிப் பொருளுக்கு வரலாம். மருத்துவத் துறையில் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, கல்லூரிக்கு அந்தந்தத் தொழிலுக்குரிய கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. அடுத்து, பயிற்சி ஆண்டை நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனையில் கழிக்க முடியுமா, அல்லது கல்லூரியின் பெயர்ப்பலகையில் மட்டும் மருத்துவமனை இருக்கிறதா என்பது. மூன்றாவதாக, முன்பின் தெரியாத ஒருவருடைய வலியருகே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் முகம் சுளிக்காமல் நிற்கத் தமக்கு இயலுமா என்பதை, முடிந்தால் ஒரு மருத்துவமனையில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாவது,

இவ்விடத்தில் மாமா மீண்டும் குறுக்கிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைத்தான் அன்று பாயசத்தின்போது அந்தப் பெண்ணிடம் சொல்ல இக்கட்டுரையாசிரியர் வாயெடுத்தார். அவள் அதற்குள் கை கழுவ எழுந்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டியருகே விசாரித்ததில் தெரிந்தது: ஆப்டோமெட்ரிக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்பதை அறிந்து, அவள் விண்ணப்பத்தைப் பதிவு செய்து கட்டணமும் கட்டி நாலைந்து நாள் ஆகிறது. கலந்தாய்வில், அதாவது தரவரிசைப்படி கல்லூரியும் படிப்பும் ஒதுக்கப்படும்போது, எந்தெந்தக் கல்லூரியை எந்த வரிசையில் குறிப்பது என்பதுவரை எழுதி வைத்திருந்தாள். பந்தியில் அவள் சொன்ன "சரி மாமா" யாவும் மரியாதை நிமித்தமானவை.

கேட்க ஆளில்லாமல் போன மாமா, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி இக்கட்டுரையாசிரியர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றார். எழுதுவதாகச் சொல்லப்பட்டது. "அது சரி, வேலை?" என்றார். பதில் இல்லாமையால் அவரே தொடர்ந்தார். "மெடிக்கல் கோடிங் போடுங்க சார். வயசு தடையில்ல. வீட்லயே உக்காந்து பாக்கலாம்." மெடிக்கல் கோடிங் என்பது, நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போட்டு, பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கான கணக்கைத் தயாரிக்கும் வேலை. சென்னையில் இதற்குப் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. கோர்ஸ் எத்தனை மாதம், ஃபீஸ் எவ்வளவு, தவணையில் கட்டலாமா என்ற விவரங்களை மாமா ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்தார். அது இப்போது இக்கட்டுரையின் கைப்பிரதிக்கு அடியில் இருக்கிறது.